ஓடும் ஓசை கேட்டேன், திருப்தி

என் மடிக்கணினி டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது ஒரு திங்கட்கிழமை காலையில். அது சாகப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. அது அமோகமாக இருக்கிறது என்று எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தோன்றியது. நடந்தது இவ்வளவுதான். ஆனால் விவரமாகச் சொல்லாவிட்டால் நான் வயிற்றெரிச்சலில் கதை கட்டுகிறேன் என்பார்கள்.

நான் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். வாயைத் திறந்து ‘ஆ’ சொல்லச் சொல்வதால் எல்லோருக்கும் டீச்சர். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையையே எடுக்க வேண்டியவர்களை, ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் அறைக்கு அனுப்புவார்கள். நாற்பது நிமிஷம் அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வேன். பிற்பாடு பேசும் கருவி ஒன்று வரும். அவர்கள் எழுத்தைத் தட்டினால், கருவி அவர்களுடைய சொந்தக் குரலிலேயே பேசும். பதிவு இல்லாவிட்டால் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிற பெண்ணின் குரலில் பேசும்.

ஏலக்காரர் அப்படித்தான் வந்தார். காய்கறிச் சந்தையில் முப்பது வருஷம் ஏலம் கூவியவர். “ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம், போச்சு!” என்று அவர் பலகையைத் தட்டிக் கூவினால் சந்தைக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். என் அறையில் முப்பத்தொன்பது நிமிஷம், முதலில் நான் கேட்டபடி ஒரு தடவை கூவிக் காட்டிவிட்டு, நான் கொடுத்த வாக்கியங்களைச் சமர்த்தாகப் படித்தார். கடைசி ஒரு நிமிஷத்துக்கு மனைவியை வெளியே போகச் சொன்னார். “அவ இருந்தா எனக்கு வராது டீச்சர்” என்றார். கதவு சாத்தியதும் அந்த ஒரு நிமிஷத்தில் அவர் மனைவிக்கென்று சொன்னதை நான் மட்டும் கேட்டேன். மறுநாள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

கருவிக்காரர் மூன்று மாதம் கழித்து நேரில் வந்து பதிவை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை அந்த நாற்பது நிமிஷம் என் மடிக்கணினியில் இருக்க வேண்டும். அதோடு வேறு முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் குரலும் இருந்தது.

மடிக்கணினி என்று சொன்னாலும் அது நோட்டுப் புத்தக அளவுதான். வார்டு வார்டாகத் தூக்கிக்கொண்டு அலைவேன். வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் கிளை மருத்துவமனைக்குப் போகும். பஸ் குதித்தால் அதுவும் குதிக்கும். உள்ளே இருந்ததோ பழைய ஹார்ட் டிஸ்க். ஒரு தட்டு சுழன்றுகொண்டே இருக்கும், அதன்மேல் ஒரு ஊசி மயிரிழையில் மிதந்து படிக்கும். குதித்தால் ஊசி தட்டைக் கீறும். டிக் டிக் என்றால் கீறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

“ஹார்ட் டிஸ்கைக் கழட்டிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்க” என்றார் தெருமுனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். “உள்ள எதுவும் சுத்தாது, வெறும் சில்லுதான். கீழ போட்டாக்கூடத் தாங்கும். பழசுல இருக்கறதை இதுக்கு மாத்தி மாட்டித் தர்றேன். ஒரு மணி நேரம் குடுங்க, போதும்.”

அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கவில்லை. மடிக்கணினியின் அடியில் ஸ்டோர் சீல் இருந்தது. அதைப் பிரித்தால் வேலை போய்விடும்.

விதி பதினேழைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எந்தக் காலத்திலோ எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு புண்ணியவான் நாற்பது மின்விசிறி சப்ளை செய்தான். எதற்குள்ளும் மோட்டார் கிடையாது. நாற்பதையும் மாட்டினார்கள், நாற்பதுக்கும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கோடைக்காலம் முழுக்க நோயாளிகள் விட்டத்தைப் பார்த்து வியர்த்த பிறகுதான் யாருக்கோ சந்தேகம் வந்தது. விசாரணைக் கமிஷன் போட்டார்கள். கமிஷன் கண்டுபிடித்ததுதான் விதி பதினேழு: சுழலும் கருவி எதுவாயினும் அதன் ஓசையைப் பொறுப்பாளர் தம் காதால் நேரில் கேட்டு, ‘ஓடும் ஓசை கேட்டேன், திருப்தி’ என எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் சுழல்கிறது அல்லவா? அதனால் என் மடிக்கணினி ‘சுழலும் கருவிகள்’ பேரேட்டில், தண்ணீர் பம்ப்புக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவில் பதிவாகியிருந்தது.

எஸ்.எஸ்.டி. கேட்டு நான் விண்ணப்பம் கொடுத்த மூன்றாம் நாள் ஸ்டோர் கீப்பர் வந்தார். ஸ்டெதஸ்கோப் எல்லாம் கிடையாது, வெறும் காதுதான். இருபது வருஷம் கேட்டுப் பழகிய காது என்று ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு மரியாதை. என் மேஜையில் குனிந்து, கையை உயர்த்தி எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காதை மடிக்கணினியில் வைத்தார்.

“அடடா” என்றார்.

“என்ன சார்?”

“என்னா ஓட்டம்! போன வருஷம் கேட்டப்ப சும்மா முனகிக்கிட்டிருந்துச்சு. இப்பப் பாருங்க, துள்ளுது.”

“சார், அது துள்ளக்கூடாது. கீறுது. செத்துக்கிட்டிருக்கு.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “டீச்சர், நான் எத்தனை பம்ப் பார்த்திருப்பேன்! சாகற பம்ப் சத்தம் போடாது.” எழுதினார்: ஓடும் ஓசை கேட்டேன், மிகவும் திருப்தி. ‘மிகவும்’ என்பது விதியில் கிடையாது. மனம் நிறைந்து அவராகச் சேர்த்துக்கொண்டது.

ஐந்து வாரம் கழித்துக் கொள்முதல் குழு என்னைக் கூப்பிட்டது. நீள மேஜை. நடுவில் தலைவராகத் துணை இயக்குநர், வலது பக்கம் ஸ்டோர் கீப்பர், இடது பக்கம் தொழில்நுட்ப உறுப்பினர். இந்தத் தொழில்நுட்ப உறுப்பினர் முன்பு லிஃப்ட் பராமரிப்பில் இருந்தவர். அந்த லிஃப்ட் நின்று நாலு வருஷம் ஆகிவிட்டதால் குழுவுக்கு வர அவருக்கு நேரம் இருந்தது.

கடைக்காரரிடம் கெஞ்சி ஒரு எஸ்.எஸ்.டி.யைக் கைமாற்றாக வாங்கிப் போயிருந்தேன். சீட்டுக்கட்டை விட மெலிசு. மேஜையில் வைத்தேன். தொழில்நுட்ப உறுப்பினர் அதை எடுத்துக் குலுக்கினார்.

“உள்ள எதுவும் ஆடலையே!”

“ஆடாது சார். அதுதான் அதோட நல்ல குணம்.”

“சரி, இது எந்தப் பக்கம் சுத்தும்?”

“சுத்தாது சார்.”

“சுத்தாம தகவல் எப்படி உள்ள போகும்?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அது ஸ்டோர் கீப்பரின் காதுக்குப் போய்விட்டது. ஃபேனை நிறுத்தச் சொன்னார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். காதை மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். “ஒண்ணுமே இல்லை சார். மின்விசிறிக் கேஸ் மாதிரிதான் தெரியுது.”

அந்தப் பேச்சை எடுத்ததும் மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் பூர்த்தி செய்து கொடுத்த ஒப்பீட்டுப் பட்டியலைத் தலைவர் உரக்கப் படித்தார். “நிமிஷத்துக்கு எத்தனை சுற்று? ஹார்ட் டிஸ்க், ஐயாயிரத்து நானூறு. எஸ்.எஸ்.டி., சைபர்.” கண்ணாடியைக் கழற்றினார். “ஐயாயிரத்து நானூறு எங்க, சைபர் எங்க? நீங்களே உங்க கையால எழுதியிருக்கீங்களேம்மா!”

“சார், அது சுத்தவே தேவையில்லாததால...”

“உக்காருங்க. நான் சொல்றேன். இந்த ஆபீசுக்கு நான் வந்து இருபத்தெட்டு வருஷம். நான் வேலை செய்யறேன்னு இந்தக் கட்டடத்துல யாருக்காவது சந்தேகம் உண்டா? கிடையாது. ஏன்? நான் வந்தா கதவு சத்தம் கேக்கும். மணி அடிப்பேன். போன்ல கத்துவேன். ஃபைலைத் தூக்கி மேஜையில போட்டேன்னா கீழ் மாடியில டாக்டருங்க திடுக்கிடுவாங்க. எங்க செக்‌ஷன்ல முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. வாயே திறக்கமாட்டாரு. நாளைக்கு நாப்பது ஃபைல் முடிப்பாரு. என்ன பண்றாருன்னே எங்களுக்குத் தெரியலை. தேவையில்லாத போஸ்ட்டுன்னு எடுத்துட்டோம். அவரு போனப்புறம்தான் ஃபைலெல்லாம் தேங்குதுன்னு சொல்றாங்க. அது வேற விஷயம். நான் சொல்ல வர்றது என்னன்னா, உழைப்புன்னா வெளியில தெரியணும்.”

ஸ்டோர் கீப்பரும் லிஃப்ட்காரரும் தலையாட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு இறங்கிவந்தேன். “சரி சார், எஸ்.எஸ்.டி. வேண்டாம். புதுசா ஒரு ஹார்ட் டிஸ்காவது குடுங்க. இன்னைக்கே குடுங்க.”

“பழசைக் கழிச்சாத்தானே புதுசு?”

“கழிச்சுடுங்க சார்.”

“ஓடற கருவியை எப்படிம்மா கழிக்கறது? சத்தம் நிக்கட்டும். நின்னதும் ஸ்டோர்ல கேட்டு எழுதுவாங்க, உடனே புதுசு.”

“சத்தம் நின்னா உள்ள இருக்கற குரலெல்லாம் போயிடும் சார்!”

“அது பொருள் இல்லைம்மா, உள்ளடக்கம். எங்க பேரேட்டுல பொருள் மட்டும்தான்.”

அந்தப் பதிவுகளை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். மடிக்கணினியின் துளைகளையெல்லாம் தகவல் பாதுகாப்புப் பிரிவு வந்து கறுப்புப் பசை ஊற்றி அடைத்திருந்தது. கருவிக்காரர் வரும் நாளன்று ஒரு துளையைத் திறந்துவிடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் திறக்க மாட்டார்களாம். என் மடிக்கணினிக்கு இணைய இணைப்பும் கிடையாது. பதிவை ஓடவிட்டு என் போனில் பிடித்து வைத்திருக்கலாமே என்றும் கேட்பீர்கள். நோயாளியின் குரலைச் சொந்த போனில் பிடித்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் போனைக் கையில் எடுத்து, அந்தக் காகிதத்தைப் பார்த்து, திரும்பப் பையில் போட்டேன். இரண்டு முறை அப்படிச் செய்தேன். பயந்துவிட்டேன். இந்தக் கதையில் மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் ஏலக்காரரும் மனைவியும் வருவார்கள். அவர் கழுத்தில் துளையை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. அவர் கையை ஆட்டுவார், அந்த அக்கா எனக்குச் சொல்வார்.

“நல்லா இருக்கான்னு கேக்கறாரு.”

“யாரு அக்கா?”

“அவரு குரல். பத்திரமா இருக்கான்னு.”

இருக்கிறது என்பேன். மேஜையில் டிக் டிக் கேட்கும். அவர் அந்தப் பக்கம் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்.

அக்கா ஒருநாள் என்னைத் தனியே கேட்டார். “அந்தக் கடைசி நிமிஷத்துல என்ன பேசினாருன்னு நச்சரிச்சேன் டீச்சர். எழுதிக் காட்டிட்டாரு. எழுத்துல பார்த்தா ஒண்ணுமில்லை, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ, வேளாவேளைக்குச் சாப்பிடுன்னு இருக்கு. அதை அவரு வாயால கேக்கணும். அதுக்குத்தான் நாளை எண்ணிக்கிட்டிருக்கேன்.”

சத்தம் கூடிக்கொண்டே போனது. மூன்று அவசரக் கடிதம் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பலன் கிடைத்தது. சுழலும் கருவிகளில் இந்த ஆண்டு ஓசை முன்னேற்றம் காட்டிய ஒரே கருவி என்று என் மடிக்கணினிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். தண்ணீர் பம்ப்புக்கு ஆறுதல் பரிசு. சான்றிதழை மடிக்கணினியின் அடியில் ஒட்டினார்கள், காற்றுப் போகும் துளைமேல். அதற்குப் பிறகு அது சூடாகவும் ஆரம்பித்தது. ஸ்டோர் கீப்பர் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல உழைப்பு என்றார்.

நாலாவது கடிதத்தில் ஒரு தப்புச் செய்தேன். இவர்களுக்கு மனம் இளகட்டும் என்று ஏலக்காரரைப் பற்றி எழுதிவிட்டேன். இளகத்தான் செய்தார்கள். பயனாளியை நேரில் வரவழைத்து வாய்மொழி வாக்குமூலம் வாங்குவது என்று தீர்மானம் போட்டார்கள்.

கருவிக்காரர் வர இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. ஏலக்காரர் சலவைச் சட்டை போட்டு வந்தார். அக்கா பக்கத்தில் நின்றார்.

“உங்க குறையைச் சொல்லுங்க” என்றார் தலைவர்.

ஏலக்காரர் கழுத்துத் துணியைக் காட்டினார். பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதி நீட்டினார்.

“எழுதறது வேண்டாம். இது வாய்மொழி விசாரணை. சொல்லுங்க.”

“இவரால பேச முடியாதுங்க” என்றார் அக்கா. “நான் சொல்றேன்.”

“நீங்க பயனாளியா?”

“மனைவிங்க.”

“அப்ப நீங்க பேசக்கூடாது. அவர்தான் பேசணும்.”

“சார், குரல்வளையையே எடுத்தாச்சு. நம்ம ஆஸ்பத்திரியிலதான் எடுத்தோம்” என்றேன்.

தலைவர் யோசித்தார். அவர் யோசித்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, ஆகவே பயந்தேன். “குரல் பதிவு இருக்குன்னு எழுதியிருந்தீங்களே? அதைப் போடுங்க. அவரு குரல்தானே? வாக்குமூலமா எடுத்துக்கலாம்.”

“வேண்டாம் சார். அந்தப் பதிவைத் திறந்தா ஊசி போய் அந்த இடத்துலதான் உக்காரும். ஒவ்வொரு தடவையும் கீறல்தான். ஒன்பது நாள் மூடி வச்சிருந்துட்டா...”

“ஓடற கருவியை ஓட்டிக் காட்ட என்ன தயக்கம்? இல்லை, பதிவே இல்லையா?”

ஏலக்காரர் என்னைப் பார்த்தார். போடு என்பதுபோல் கையை அசைத்தார். மூன்று மாதமாக அவரும் அதைக் கேட்டதில்லையே. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாழாய்ப்போன என் கைதான் அதைத் திறந்தது.

கொஞ்ச நேரம் டிக் டிக். பிறகு அந்த அறையில் அவர் குரல் வந்தது. நான் முதலில் அவரைக் கூவிக் காட்டச் சொன்ன இடம். அப்பா, என்ன குரல்! தலைவரே பின்னால் சாய்ந்தார்.

“ஒரு தரம்!”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“ரெண்டு தரம்!”

அப்புறம் ஒரு கீறல் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. திரை நீலமாகியது, பிறகு கறுப்பாகியது. நான் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்தினேன். ஏலக்காரர் மூன்றாவதுக்காக வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டோர் கீப்பர் எழுந்து வந்தார். கையை உயர்த்தினார். காதை வைத்தார். இந்த முறை ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

“நின்னுடுச்சு” என்றார். அவர் குரலும் கொஞ்சம் இறங்கியிருந்தது. எத்தனை பம்ப் கேட்ட மனிதர்.

“வாக்குமூலம் முழுமையா இல்லை” என்று தலைவர் குறிப்பெழுதச் சொன்னார்.

எட்டாம் நாள் குழுவின் ஆணை வந்தது. அப்படியே தருகிறேன்:

‘பார்வை: விண்ணப்பதாரரின் கடிதங்கள் 1 முதல் 4 வரை. மேற்படி கருவி நேரில் சோதிக்கப்பட்டது. ஓசை இல்லை. சுழற்சி இல்லை. குலுக்கினால் ஆடும் பாகம் இல்லை. இம்மூன்றும் எஸ்.எஸ்.டி.யின் நற்குணங்கள் என விண்ணப்பதாரரே ஒப்பீட்டுப் பட்டியலில் கையொப்பமிட்டுத் தெரிவித்துள்ளார். எனவே மேற்படி கருவி எஸ்.எஸ்.டி.யாக மாறிவிட்டதைக் குழு மகிழ்ச்சியுடன் ஏற்று, அதனைச் சுழலாக் கருவிகள் பேரேட்டுக்கு மாற்றுகிறது. விண்ணப்பம் நிறைவேறியது.’

ஓடிப்போய் ஸ்டோரில் சண்டை போட்டேன். செத்த டிஸ்கிலிருந்தும் பதிவை மீட்டுத்தரும் ஆட்கள் பெரிய ஊரில் இருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லியிருந்தார். சீலைப் பிரித்து அதை அனுப்பவாவது விடுங்கள் என்றேன்.

“நல்லா இருக்கற புது எஸ்.எஸ்.டி.யை எதுக்கு டீச்சர் பிரிக்கணும்?” என்றார் ஸ்டோர் கீப்பர். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். புதிய பேரேட்டுக்கென்று புதிய ரப்பர் ஸ்டாம்ப் செய்திருந்தார்கள். ஈர மையில் அழுத்தி என் பக்கம் நீட்டினார்: ‘ஓசை கேட்கவில்லை, திருப்தி.’ அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டால்தான் அந்த மாதச் சம்பளம். போட்டேன்.

மறுநாள் கருவிக்காரர் வந்தார். பெட்டியைத் திறந்து, பதிவைக் கேட்டு, இல்லையென்றதும் வருத்தப்பட்டு, ரயில் நிலையப் பெண்ணின் குரலைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஏலக்காரர் கருவியில் ஏதோ தட்டினார். “கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளவும்” என்று அந்தப் பெண் அக்காவிடம் சொன்னாள். அக்கா கையெடுத்துக் கும்பிட்டு, அதை நிறுத்தச் சொன்னார். அவர் நிறுத்தினார்.

பிறகு என் மேஜைக்கு வந்து மடிக்கணினியை இரண்டு கையாலும் தூக்கினார். சின்னதுதானே, முகத்தருகே கொண்டுபோவது சுலபமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு காதில் வைத்துக் கேட்டார். நான் “அக்கா, அதுல ஒண்ணும்...” என்று ஆரம்பித்தேன். அக்கா கையை உயர்த்தி என்னை அடக்கினார்.

அவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார். விரலை மடக்கி மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் எங்கள் இருவரையும் பார்த்தார், சந்தையில் வேறு யாராவது கேட்கிறார்களா என்று பார்ப்பதுபோல. மூன்றாவதைத் தட்டினார்.

நான் அக்காவைப் பார்த்தேன். வழக்கம்போல அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“போச்சுன்னு சொல்றாரு டீச்சர்” என்றார்.